குப்பைன்னு ஒரு ஃபோல்டர்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. உங்க பையை மேல போட்டுருங்க. இது என் மடியிலயே இருக்கட்டும். குக்கர். மேல வச்சு எவன் தலையிலயாவது விழுந்துச்சுன்னா கல்யாண வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் சாத்தூர்ல இறங்கிருவேன். நீங்க? கோயில்பட்டியா. அப்பச் சரி, நான் இறங்கினதும் சன்னலோரம் உங்களுக்குத்தான்.

ஆமா, கல்யாணத்துக்குத்தான். நாளைக் காலையில முகூர்த்தம். ஆபீஸ் ஆளுக எல்லாம் விடியக்காலம் வேன் பிடிச்சு வர்றாங்க. நான் மட்டும் முந்தின நாளே போறேன். சொந்தக்காரப் பிள்ளையான்னு கேட்டா, இல்ல. எங்க பிரஸ்ல டிசைன் பண்ற பிள்ள, மாரிக்கனின்னு பேரு. போன வருசம் எங்க பிரஸ்ஸையே கவுத்தப் பாத்த பிள்ள. அதையும் மன்னிச்சு, குக்கரும் வாங்கிட்டு, பஸ்ஸுல நசுங்கிக்கிட்டுப் போறேன்னா பாத்துக்கோங்க. என் குணம் அப்படி.

என் பேரு குப்புசாமி. சிவகாசியில பிரஸ்ல மேனேஜர். பெரிய முதலாளி காலத்துல சேந்தேன். இப்ப அவர் மகன் தவசிலிங்கம் பாக்குறாரு. எனக்கு வயசுல சின்னவர், ஆனா முதலாளி முதலாளிதான். அவரு என்னை அண்ணாச்சிம்பாரு, நான் அவரை முதலாளிம்பேன். ரெண்டு பேருக்கும் மரியாதை சரியாப் போயிரும்.

எங்களுக்கு காலண்டர்தான் பொழப்பு. மத்த அச்சு வேலையும் உண்டு, ஆனா உசுரு காலண்டர்லதான் இருக்கு. ஆடிப்பெருக்கு அன்னிக்கு அடுத்த வருசத்து மாடல் ஆல்பம் போட்டுருவோம். அதைப் பாத்துப் பார்ட்டிக ஆர்டர் குடுக்க ஆரம்பிப்பாங்க. அப்புறம்தான் கூத்து. ஒரு பார்ட்டி முருகனுக்கு இந்தப் பக்கம் நிக்கிற மயிலை அந்தப் பக்கம் நிப்பாட்டுன்னுவான். ஒரு நகைக்கடைக்காரரு லட்சுமி கழுத்துல இருக்கிற நகை தன் கடை மாடல்ல இருக்கணும்பாரு. இன்னொருத்தரு, செத்துப்போன அவங்க அப்பா படத்தைப் போட்டு, அப்பா சிரிக்கணும்னுவாரு. அவரு உசுரோட இருந்தப்பவே சிரிச்சு யாரும் பாத்ததில்ல தம்பி. அதையும் அந்தப் பிள்ள சிரிக்க வைக்கும். அப்படி ஒரு கை. ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒவ்வொண்ணா ஒட்டி வெட்டி, திருத்தி, திரும்பத் திருத்தி, அவன் வாயிலருந்து சரின்னு ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள பிள்ள பாதியாப் போயிரும்.

அது எல்லாம் இருக்கிறது சர்வர்ல. சர்வர்னா தெரியுமா உங்களுக்கு? தெரியும்ங்கிறீங்க. எங்களுக்கு அது வந்தப்ப ஒண்ணும் விளங்கல. ஒரு பெட்டி. அதுக்குத் தனி ரூம், தனி ஏசி. இத்தனை வருசமா இருக்கேன், என் தலைக்கு மேல அதே ஃபேன்தான், அதுவும் அதுக்கு மனசு வந்தாத்தான் சுத்தும். பெட்டிக்கு ஏசி. சரி, பெரிய மனுசன் போலன்னு விட்டுட்டேன். முன்னாடி அவங்கவங்க வேலை அவங்கவங்க சிஸ்டத்துல கெடக்கும். இப்ப எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள. டிசைன் பண்றவங்க, அச்சுக்குப் பிளேட் போடுறவங்க, முதலாளி, நானு, யாரு எங்க உக்காந்து திறந்தாலும் அதே ஃபோல்டர்தான் தெரியும். வீட்டுல ஒரு அண்டாவுல தண்ணி பிடிச்சு வச்சு ஆளாளுக்கு மொண்டுக்கிற மாதிரி. வசதிதான். ஆனா ஒருத்தர் கவுத்துட்டா வீட்டுக்கே தண்ணி கிடையாது. இதை நான் அப்பவே சொன்னேன். யாரு கேட்டா.

இன்னொரு காப்பி எடுத்து வைக்கலையான்னுதான கேக்க வர்றீங்க? எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. வைக்கணும்னு பேசினோம். அதுக்கு ஒரு டிஸ்க் வாங்கணும்னு அந்தப் பிள்ளயும் வந்து வந்து சொல்லுச்சு. நல்ல காரியத்தை நல்ல நாள்ல ஆரம்பிப்போம், ஆயுத பூஜை முடியட்டும்னு நான்தான் சொன்னேன். தப்பா?

ஆயுத பூஜைன்னா எங்க பிரஸ்ல சாதாரணமா இருக்காது. முதல் நாளே மெஷினை நிப்பாட்டி, கழட்ட வேண்டியதைக் கழட்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, எண்ணெய் போட்டு, கட்டிங் மெஷின் கத்தியில முகம் பாக்கலாம், அப்படி ஆக்கிருவாங்க. ஒருத்தன் ஒட்டடை அடிப்பான், ஒருத்தன் தோரணம் கட்டுவான். எனக்கு என்ன ஆயுதம் இருக்கு? ஒரு பேனா. அதைத் துடைக்க எவ்வளவு நேரம் ஆகும். அன்னிக்குச் சாயங்காலம் டீ குடிச்சுட்டு வந்து என் கம்ப்யூட்டரைத் துடைச்சேன். கீபோர்டைக் கவுத்துத் தட்டினேன், அதுக்குள்ள இருந்து முறுக்காக் கொட்டுது. வெளிய சுத்தம் ஆயிருச்சு. உள்ள? உள்ளயும் யாராவது சுத்தம் பண்ணணும்ல?

திறந்து பாத்தா சர்வர் முச்சூடும் ஒரே அடைசல் தம்பி. எப்பவோ கடையை மூடிட்டுப் போன பார்ட்டி டிசைன் இருக்கு. கடைசின்னு ஒரு ஃபோல்டர், ரொம்பக் கடைசின்னு ஒரு ஃபோல்டர், சத்தியமா இதுதான் கடைசின்னு ஒரு ஃபோல்டர். ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து அழிச்சேன். மனசுக்கு அவ்வளவு திருப்தி. அதுல ஒண்ணு, பேரே குப்பை. இங்கிலீஷ் எழுத்துல, கே-யில ஆரம்பிச்சு, குப்பைன்னு அடிச்சு வச்சிருக்கு. நல்ல கனமான ஃபோல்டர். குப்பையைச் சேத்து, அதுக்குப் பேரும் வச்சு, ஏசி ரூம்லயும் வச்சிருக்காங்களேன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு. டெலீட்டை அமுக்கினேன். நிரந்தரமா அழிச்சிரவான்னு கேட்டுச்சு. மரியாதையாத்தான் கேட்டுச்சு. நானும் மரியாதையா ஆமான்னேன். கொஞ்ச நேரம் ஓடுச்சு, காணாமப் போச்சு. கையைக் கழுவிட்டுத் தோரணம் நேரா இருக்கான்னு பாக்கப் போயிட்டேன்.

இங்க ஒண்ணு சொல்லிர்றேன். அந்தப் பிள்ள பிரஸ்ஸைக் கவுத்தப் பாத்த விசயம் வேற, இது வேற. நான் அழிச்சது குப்பை. பேர்லயே இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

மறுநாள் பூஜை. எங்க பிரஸ்ல ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வருசத்துக்குன்னு பார்ட்டி சரி சொன்னதுல ஒண்ணை பிரிண்ட் எடுத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னாடி வச்சுத்தான் சூடம் காட்டுவோம். பெரிய முதலாளி காலத்துலருந்து வர்றது. பொரிகடலை, அவல், வாழைப்பழம் எல்லாம் வச்சாச்சு. முதலாளி குடும்பத்தோட வந்து நிக்கிறாரு. "மாரிக்கனி, ஒரு பிரிண்ட் குடும்மா"ன்னாரு. பிள்ள பட்டுப்பாவாடை தாவணியில பூவும் பொட்டுமா வந்திருந்துச்சு. உக்காந்து தட்டுச்சு. திரும்பத் தட்டுச்சு. அப்புறம் திரும்பி என்னைப் பாத்து, "அண்ணாச்சி, குப்பையைக் காணோம்"னுச்சு.

நான் சொன்னேன், "நல்லதுதான தாயி."

அப்பத்தான் தம்பி விசயமே வெளிய வருது. பார்ட்டி எல்லாம் சரி சொல்லி, பிளேட்டுக்குப் போக வேண்டிய அத்தனை டிசைனையும் அந்தப் பிள்ள ஒரு ஃபோல்டர்ல போட்டு, அதுக்குப் பேரு குப்பைன்னு வச்சிருக்கு. எவனாவது வைப்பானா? பாடுபட்ட வேலைக்குக் குப்பைன்னு பேரு வைப்பாங்களா? முதலாளி கேட்டாரு, "ஏம்மா இப்படி ஒரு பேரு?" அதுக்குப் பிள்ள என்னைப் பாக்குது.

அதுக்கு ஒரு கதை இருக்கு. அதுக்கு முந்தின வருசம் பிள்ளைக்கு நேரமே சரியில்ல. நல்லா பெரிசா, வெற்றின்னு பேரு வச்சு ஒரு ஃபோல்டர் போட்டுச்சு, அது இருந்த டிஸ்க்கே படுத்துருச்சு. திரும்பச் செஞ்சு புதுசுன்னு பேரு வச்சுச்சு, வைரஸ் வந்து தின்னுட்டுப் போயிருச்சு. ஒரு மூலையில உக்காந்து அழுதுச்சு. நான் டீ வாங்கிக் குடுத்து, சும்மா ஆறுதலுக்கு என் பேர்க்கதையைச் சொன்னேன். எங்க அம்மாவுக்கு எனக்கு முன்னாடி பிறந்த பிள்ளைக தங்கல. நான் பிறந்ததும் என்னைக் கொண்டுபோயிக் குப்பைமேட்டுல போட்டு, பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்டத் தவிட்டைக் குடுத்து வாங்குற மாதிரி வாங்கி, குப்புசாமின்னு பேரு வச்சாங்க. குப்பையை எமன்கூடச் சீந்த மாட்டான்னு ஒரு நம்பிக்கை. பாருங்க, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். "நீயும் பெருமையாப் பேரு வைக்காத தாயி, கண்ணு பட்டுரும்"னு சொன்னேன். பிள்ள கண்ணைத் துடைச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. சொன்னது அவ்வளவுதான். அதைப் பிடிச்சுக்கிட்டு நிஜமாவே வைக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? வச்சதும் என்கிட்டச் சொல்லுச்சாம். சொல்லியிருக்கலாம். சீசன் நேரத்துல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவாங்க.

அழிச்சது எல்லாம் போயி விழுமே, தொட்டி மாதிரி ஒரு படம், அதுல கெடக்கும்னு பிள்ள ஓடிப்போயிப் பாத்துச்சு. காலி. சர்வர்ல இருந்து அழிச்சா தொட்டிக்கு வராதாம், நேரா மேலோகம்தானாம். அதை எனக்கு யாரும் சொல்லல. முன்னாடியே சொல்லியிருந்தா... இல்ல, பொதுவாச் சொல்றேன்.

முதலாளி முகம் மாறிருச்சு. இந்தத் தடவை சீசன் போச்சுன்னா பார்ட்டி எல்லாம் அடுத்த பிரஸ்ஸுக்குப் போயிருவாங்க, ஒருதடவை போனவன் திரும்ப மாட்டான். சாமி படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு சொன்னாரு: "யாரு கை வச்சாங்கன்னு தெரியட்டும். அவங்க நாளையிலருந்து வரவேண்டாம். யாரா இருந்தாலும் சரி." நான் பக்கத்துலதான் நிக்கிறேன். "அப்படித்தான் கண்டிப்பா இருக்கணும் முதலாளி"ன்னேன். சொல்லிட்டு ஒரு நடை பாத்ரூம் போயிட்டு வந்தேன். காலையிலயே பொரிகடலையைக் கொஞ்சம் கூடுதலாத் தின்னுட்டேன்.

உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. எனக்கு அந்தப் பிரஸ்ஸை விட்டா வேற போக்கிடம் இல்ல. மகன் பெங்களூர்ல இருக்கான், வா வாங்குறான். போனா மூணாவது மாடியில உக்காந்து கீழ போற காரை எண்ணணும். இங்க காலையில ஷட்டரைத் தூக்கினதும் வர்ற அந்த மை வாசனை இருக்கே, அது மூக்குல ஏறினாத்தான் எனக்கு நாளே விடியும். வரவேண்டாம்னு ஒரு வார்த்தை யாருக்குச் சொன்னாலும் அது பெரிய வார்த்தைதான் தம்பி. அந்தப் பிள்ளைக்குச் சொன்னாலும்தான்.

விசயத்துக்கு வர்றேன். பிள்ள சொல்லுச்சு, "அழிஞ்சதை மீட்டு எடுக்க, யாரு அழிச்சதுன்னு பாக்க, நெட்ல ஏதோ சாஃப்ட்வேர் இருக்காம் முதலாளி, சர்வர்லயே இறக்கிப் போட்டுப் பாக்குறேன்." முதலாளியும் "போடு போடு"ங்கிறாரு. அவங்க ஏசி ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி நான் போயிட்டேன். மெயின் சுவிட்சை அமத்திட்டேன். அப்புறம் சந்தனக் கிண்ணத்தை எடுத்து, பெட்டியில எந்தப் பொத்தானை அமுக்கினா உசுர் வருமோ, அந்தப் பொத்தான் மேலயே சந்தனத்தை அப்பி, நடுவுல குங்குமம் வச்சு, சூடம் காட்டிட்டேன். பூவும் போட்டேன். இனி எவன் தொடுவான்?

முதலாளிக்கு வந்துச்சே கோவம். "அண்ணாச்சி, என்ன விளையாட்டு இது?" நான் சொன்னேன், "பூஜையில வச்ச ஆயுதத்தை விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. உங்க அப்பா காலத்துல தீப்பெட்டியைக்கூடத் தொட மாட்டோம்." "சூடம் எதுல பொருத்துனீங்க?"ன்னாரு. அதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? கதவுக்குக் குறுக்க நின்னுட்டேன். கதவுப் பிடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். பக்தியிலதான். மாரிக்கனி மட்டும் என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம், "விடுங்க முதலாளி, அண்ணாச்சி சொல்றபடி நாளைக் காலையில பாப்போம்"னுச்சு. அன்னிக்கு எனக்கு அவல் இறங்கல, சோறும் இறங்கல.

விஜயதசமி அன்னிக்கு மதுரையிலருந்து ஜெரால்டுன்னு ஒரு ஆள் வந்தாரு. அழிஞ்சதை மீட்கிறதே அவருக்குத் தொழிலாம். வந்ததும் சந்தனத்தைப் பாத்துட்டு, "இது யாரு வேலை?"ன்னாரு. எல்லாரும் என்னைக் காட்டினாங்க. "அழிஞ்சது தெரிஞ்சதுக்கு அப்புறம் இதுல எதையாவது ஏத்தினீங்களா, காப்பி பண்ணீங்களா?"ன்னு கேட்டாரு. "எங்க பண்ண விட்டாரு, அண்ணாச்சி கதவுல நின்னுட்டாரு"ன்னு முதலாளி புகார் மாதிரிச் சொன்னாரு.

அந்த ஜெரால்டு எந்திரிச்சு வந்து என் கையைப் பிடிச்சுட்டாரு தம்பி. "அய்யா, நீங்கதான் காப்பாத்தியிருக்கீங்க"ன்னாரு. விசயம் என்னன்னா, அழிச்சாலும் அது உடனே போயிராதாம். உள்ளதான் கெடக்குமாம். இந்த இடம் காலின்னு ஒரு போர்டு மட்டும் மாட்டிக்குமாம். வாடகைக்குன்னு போர்டு தொங்கும், ஆனா பழைய குடித்தனக்காரன் உள்ளதான் இருப்பான், அந்த மாதிரி. புது ஆள் சாமானோட வந்து இறங்கினாத்தான் பழைய ஆள் வெளிய போவான். அந்தப் பிள்ள சொன்ன சாஃப்ட்வேரை சர்வர்லயே இறக்கியிருந்தா, நம்ம முருகன் மேலயும் லட்சுமி மேலயும் போயி அது உக்காந்திருக்கும். ஆகமொத்தம் சீசனைக் காப்பாத்தினது யாரு? சொல்லுங்க. நானாச் சொன்னா நல்லா இருக்காது.

ஜெரால்டு டிஸ்க்கைக் கழட்டித் தன் பெட்டியில மாட்டி உக்காந்தாரு. நாங்க எல்லாம் சுத்தி நின்னோம், பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி. மொதல்ல ஒரு பிள்ளையார் வந்தாரு. முதலாளி கன்னத்துல போட்டுக்கிட்டாரு. அப்புறம் மயில் வந்துச்சு. அப்புறம் அந்தச் சிரிக்கிற அப்பா. ஒவ்வொண்ணா வர வர மாரிக்கனி வாயைப் பொத்திக்கிட்டு அழுகுது. எனக்கும் கண்ணு நிறைஞ்சிருச்சு. எதுக்கு மறைக்கணும், நானும் அழுதேன். ஒரு லட்சுமி மட்டும் பாதிதான் வந்துச்சு, இடுப்புக்குக் கீழ சாம்பல் கலர்ல கோடு கோடா இருந்துச்சு. "பரவால்ல, பாதத்தை நான் போட்டுக்கிறேன்"னு பிள்ள சொல்லுச்சு.

அத்தோட அந்த ஜெரால்டு கிளம்பியிருக்கலாம். நல்ல மனுசன், ஆனா வாய் அதிகம். "எந்த சிஸ்டத்துலருந்து அழிச்சாங்கன்னும் இதுல பதிஞ்சிருக்கும், பாக்கவா?"ன்னாரு. "எதுக்குங்க, நல்ல நாளும் அதுவுமா"ன்னு நான் சொல்லிப் பாத்தேன். முதலாளி, "பாருங்க"ன்னுட்டாரு.

"முந்தாநாள் சாயங்காலம். மேனேஜர்னு பேரு போட்ட சிஸ்டம்."

எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. எதுக்குப் பாக்கணும்? என் சிஸ்டத்துல நான் மட்டுமா உக்காருவேன்? வர்றவன் போறவன் எல்லாம் உக்காருவான். அதைச் சொல்லலாம்னு வாயைத் திறக்குறேன், அதுக்குள்ள அந்தப் பிள்ள சொல்லுச்சு:

"நான்தான் முதலாளி. அண்ணாச்சி சிஸ்டத்துல உக்காந்து பழசை எல்லாம் அழிச்சேன். தெரியாம இதையும் சேத்து அழிச்சுட்டேன். நேத்தே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்."

முதலாளி அதையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அவரு முந்தின நாள் சாமிக்கு முன்னாடி சொன்ன வார்த்தை ஒண்ணு இருக்குல்ல. எனக்குப் பகீர்னுச்சு. பிள்ளையை நிப்பாட்டிருவாரோன்னு. அப்புறம் யோசிச்சேன், அதை நிப்பாட்டினா காலண்டரை யாரு போடுறது? சீசன் நேரத்துல எங்க போயி ஆள் பிடிக்க? மேனேஜர் இல்லாமக்கூட பிரஸ் ஓடிரும் தம்பி, அந்தப் பிள்ள இல்லாம ஓடாது. அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனாலும் நான் சும்மா இருக்கல. பேசினேன். இருக்கிற தைரியத்தை எல்லாம் கூட்டிப் பேசினேன். "முதலாளி, மனுசன்னா கை தவறத்தான் செய்யும். வேணும்னு யாராவது செய்வாங்களா? பிரஸ் நல்லா இருக்கணும்னு நினைச்சுத்தான செஞ்சது. இத்தனை காலம் உங்க உப்பைத் தின்னவங்க, இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்டுருங்க. இந்த வாசலை விட்டா எங்க போவாங்க, சொல்லுங்க?" துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். அடுத்தவங்களுக்காக நான் அப்படிப் பேசினதே இல்ல. மாரிக்கனி தலையைக் குனிஞ்சுக்கிட்டு உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னுச்சு. தோளு குலுங்குச்சு. அழுகுதுன்னு நினைச்சேன்.

முதலாளி கடைசியில, "சரிங்க அண்ணாச்சி, மன்னிச்சாச்சு. அழாதீங்க"ன்னாரு. அவருக்கும் என்னமோ உதடு கோணிக்கிச்சு. "ஜெரால்டு, நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு.

அதுக்கு அப்புறம் எல்லாம் ஒழுங்காயிருச்சு. தினமும் காப்பி எடுத்து வைக்கிறாங்க. எனக்கும் தனி மரியாதை. ஜெரால்டு எனக்குன்னு ஒரு ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டுப் போனாரு. சர்வர்ல இருக்கிற எல்லாத்தையும் நான் பாக்கலாம், எதையும் தொட வேண்டியதில்ல. டெலீட்டை அமுக்கினா, உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்ங்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் காட்டும். பிரஸ்லயே எனக்கு மட்டும்தான் அப்படி. முதலாளிக்குக்கூடக் கிடையாது, அவரு பாவம் எல்லாத்தையும் தொட்டுத்தான் ஆகணும். மேற்பார்வைன்னா அப்படித்தான இருக்கணும்?

அந்தப் பிள்ளைக்கு நான் புத்தி சொன்னேன். மறுநாளே கூப்பிட்டு உக்கார வச்சு, "எதை அழிக்கிறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை திறந்து பாக்கணும் தாயி"ன்னேன். "சரிங்க அண்ணாச்சி"ன்னுச்சு. "அவசரம் ஆகாது"ன்னேன். "சரிங்க அண்ணாச்சி." ஒரு பதில் பேச்சு கிடையாது. அப்படி ஒரு அடக்கம். கல்யாணம் முடிஞ்சு திருநெல்வேலிக்குப் போகுது, மாப்பிள்ளைக்கு அங்க மருந்துக்கடை. இனிமே பிரஸ்ஸுக்கு வராது. வரப்போறதில்லன்னு தெரிஞ்சதுலருந்து எனக்கு ஆபீஸ்ல இருப்பே கொள்ளல. ரொம்பப் பிரியம் தம்பி அந்தப் பிள்ள மேல. என் வயித்துல பிறந்திருக்கலாம்.

அதான் முந்தின நாளே போறேன். அதுகிட்டத் தனியா ஒண்ணு கேக்கணும்னு நெஞ்சுலயே வச்சிருந்தேன். நாளைக்குன்னா கூட்டமாயிரும்.

என்னன்னா, ஜெரால்டு சொன்ன அந்த முந்தாநாள் சாயங்காலம் இருக்கே, அன்னிக்கு அது பிரஸ்லயே இல்ல. மத்தியானமே கிளம்பிருச்சு. இந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அன்னிக்குத்தான் சாத்தூருக்குப் பொண்ணு பாக்க வந்தாங்க. அந்தச் சாயங்காலம் அது தலையில பூவை வச்சுக்கிட்டு, காபித் தட்டைப் பிடிச்சுக்கிட்டு, இந்த மாப்பிள்ளை முன்னாடி நின்னுக்கிட்டு இருந்துச்சு. என் சிஸ்டத்துல எங்க வந்து உக்காரும்?

முதலாளிக்குத் தெரியாதான்னா கேக்குறீங்க? அவரு கார்லதான் போச்சு. நேரத்துக்குப் போயிச் சேரணும்னு அவரே டிரைவரைக் கூப்பிட்டு அனுப்பி வச்சாரு. கார்ல ஏத்தி விட்டது பிளேட் போடுற ஆளுக. பிரஸ் முழுக்கத் தெரியும். நாளைக்கு அந்த வேன்ல வர்ற அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. அப்படித்தான் எல்லாரும் வச்சிருக்காங்க. ஒரு வருசமா ஒருத்தர் வாயிலருந்தும் ஒரு சொல் வரல.

கேக்கலாமா? கேட்டா அந்தப் பிள்ள என்ன சொல்லும், "நான்தான் அண்ணாச்சி"ன்னு திரும்பவும் சொல்லும். கல்யாணத்துக்கு முந்தின நாளு எதுக்கு அதை இன்னொரு பொய் சொல்ல வைக்கணும். வேண்டாம். குக்கரைக் குடுத்துட்டு, நல்லா இரு தாயின்னு சொல்லிட்டு வந்துர்றேன்.

சாத்தூர் வந்துருச்சு. கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க. சன்னலோரம் நகந்துக்கோங்க தம்பி, காத்து நல்லா வரும். மறுபடி எங்கயாவது பஸ்ல பாத்தா நிச்சயம் பேசுங்க, என்ன வேணாலும் பேசுங்க. இந்தக் கதையை மட்டும் என்கிட்டச் சொல்லிராதீங்க.